லிஃப்ட்காரர் வீட்டுப் படிக்கட்டு

அந்தத் தெருவில் அவருக்கு ‘லிஃப்ட்காரர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலுள்ள இயந்திர அறைகளிலும், தரைக்குக் கீழேயுள்ள இருட்டுக் குழிகளிலும் தம் இளமையைக் கரைத்தவர் அவர். கம்பிவடத்துக்கு மசகெண்ணெய் இடுவதும், கதவு மூடும் வேகத்தைச் சரிபார்ப்பதும், பெட்டி ஒவ்வொரு மாடியிலும் தரைமட்டத்துக்கு மயிரிழை பிசகாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பதுமே அவருடைய வேலை. அவர் பொறுப்பிலிருந்த லிஃப்டுகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்லி அவர் தம்பட்டம் அடித்துக்கொண்டதும் இல்லை. யாராவது புகழ்ந்தால், “கீழ விழாம இருக்கறது ஒரு செய்தியா?” என்பார்.

அந்தத் தொழிலுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விபத்து நேர்ந்தால், அகப்பட்டவர்களை வெளியே எடுத்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட வேண்டும். விசாரிக்கும் அதிகாரி வந்து பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது. எவரிடமும் எதையும் பேசக் கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடன் பணிபுரிந்த ஒருவர், காலொடிந்து கிடந்த பயணியைக் கண்டு மனம் பொறுக்காமல், “என் தப்புதான், நான் சரியாப் பார்க்கலை” என்று வாய்விட்டு அழுதார். கோளாறு கட்டடத்து மின்கம்பியில் இருந்தது என்று பின்னர் தெரியவந்தது. அதற்குள் அவருடைய வேலை போயிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை லிஃப்ட்காரர் அன்று கண்ணாரக் கண்டார்.

சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் கட்டிய வீடு இரண்டடுக்கு. கீழே அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். மேல் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். மேலே செல்ல வெளிப்புறத்தில் ஒரு சிமெண்டுப் படிக்கட்டு இருந்தது. அது பாதி வழியில் ஒரு முறை திரும்பி ஏறும்.

“ஏன் சார், ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்துட்டு உங்க வீட்டுக்கு ஒண்ணு வெச்சுக்கலையா?” என்று தெருக்கோடிக் கடைக்காரர் சீண்டுவார்.

“வெச்சா அதையும் நான்தானே பழுது பார்க்கணும்? ரிட்டையர் ஆன மனுஷனை விடுங்கய்யா” என்பார் இவர்.

மேல் வீட்டுக்குக் குடிவந்தவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிறவள். தெரு முழுவதும் அவளைக் ‘கண்ணாடியக்கா’ என்று அழைத்தது. கணவனை இழந்தவள், பிள்ளை என்று ஒரே மகள். அந்த மகள் இந்த வீட்டிலிருந்துதான் படித்தாள். இங்கிருந்துதான் திருமணமாகி வேறோர் ஊருக்குப் போனாள். லிஃப்ட்காரரின் மனைவி நோயில் படுத்தபோது, கடை விட்டு வந்ததும் வராததுமாகக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தவள் கண்ணாடியக்காதான். மனைவி மறைந்த பிறகு, உறவுமுறை சொல்லி அழைக்க அவருக்கு மிஞ்சியவளும் அவளே. அவர் ‘தங்கச்சி’ என்பார். அவள் ‘அண்ணா’ என்பாள்.

அவருடைய மூக்குக்கண்ணாடி எந்நேரமும் நழுவும். வாசலில் எதிர்ப்பட்டால் அவள் பார்வை முதலில் அங்கேதான் போகும்.

“அண்ணா, குனியுங்க.”

அவர் குனிவார். அவள் கண்ணாடியைக் கழற்றி, கைப்பையிலிருந்து ஊசி போன்ற திருப்புளியை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகை இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்லிய துணியால் துடைத்து, மீண்டும் அவர் காதில் மாட்டுவாள். 

“லிஃப்ட் நழுவாம பார்த்துக்கத் தெரியுது. இது நழுவாம பார்த்துக்கத் தெரியலையே!”

“லிஃப்டுக்கு ரெண்டு பக்கமும் தண்டவாளம் இருக்கு. என் மூக்குக்கு என்ன இருக்கு?”

இப்படியே ஆண்டுகள் ஓடின.

காப்பீடு என்ற சொல் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து சேர்ந்தது ஒரு புயல்மழையின்போது. மேல் வீட்டுச் சன்னலின் கண்ணாடி உடைந்து, மழை உள்ளே புகுந்து, அவளுடைய கட்டிலும் அலமாரியும் ஊறிப்போயின. வீடு கட்டக் கடன் கொடுத்த வங்கி வற்புறுத்தியதால் லிஃப்ட்காரர் ஒரு பாலிசி எடுத்திருந்தார்; கடன் அடைந்த பிறகும் அதை அவர் கைவிடவில்லை. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் வீட்டுக்குள் இருப்பவை அனைத்துக்கும் அது உண்டு என்றே இருவரும் எண்ணியிருந்தார்கள். சேதத்தைப் பார்க்க வந்த ஏஜெண்ட், சிரித்த முகத்தோடு அந்த எண்ணத்தை உடைத்தார்.

“அக்கா, சாரோட பாலிசி அவரோட சுவருக்கும் சன்னலுக்கும்தான். உங்க கட்டிலுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“அப்ப என் கட்டில் அநாதையா?”

“நீங்க தத்து எடுத்துக்கணும். வாடகைக்கு இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு பாலிசி இருக்கு. உங்க சாமானுக்கு அது கொடுக்கும். உங்களால அடுத்தவங்களுக்கு ஏதாவது சேதமோ அடியோ ஆனா, அதுக்கும் கொடுக்கும்.”

“எனக்கே அடிபட்டா?”

“அதுக்கு இது இல்லக்கா. பொறுப்புன்னு போட்டிருக்கறதெல்லாம் அடுத்தவங்களுக்குத்தான்.”

“நல்லாயிருக்கே நியாயம்! என் காசுல ஊராருக்கு வைத்தியமா?”

“சார் வீட்டுல எதாவது சரியில்லாம உங்களுக்கு அடிபட்டா, சாரோட பாலிசி உங்களுக்குக் கொடுக்கும். உங்க வீட்டுத் தண்ணி அவர் தலையில விழுந்தா, உங்க பாலிசி அவருக்குக் கொடுக்கும். கணக்குச் சரியாப் போச்சா?”

அவள் அன்றே ஒரு பாலிசி எடுத்தாள். தண்ணீர் விழும் என்று ஏஜெண்ட் வாய்விட்டுச் சொன்னதாலோ என்னவோ, அடுத்த கோடையில் அது விழுந்தே விட்டது. சலவை இயந்திரத்தின் குழாயை மூட மறந்து அவள் கண்ணயர்ந்துவிட்டாள். தண்ணீர் தளத்தில் ஊறி, கீழே லிஃப்ட்காரரின் படுக்கையறைக் கூரைப்பூச்சைப் பெயர்த்துக் கட்டிலின்மேல் கொட்டியது. அவர் என்ன ஏது என்று எழுவதற்குள், தலைவிரிகோலமாக அவள் வாசலில் நின்றாள்.

“அண்ணா, என் தப்புதான். குழாயை மூட மறந்துட்டேன். நூத்துக்கு நூறு என் தப்பு.”

பிறகு இருவருமாகத் தண்ணீரை வாரி இறைத்தார்கள். நடுவில் ஒரு பூச்சுக்கட்டி அவர் தலையில் விழ, அவள் பதறிப் பின் சிரித்து, அவரும் சிரித்து, அந்த நாள் ஒருவாறு கழிந்தது.

சிரிக்காதவர் ஏஜெண்ட் ஒருவர்தான். 

“என்னக்கா நீங்க! தப்பு என்னுதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கீங்க. கம்பெனியைக் கேட்காம எதையும் ஒத்துக்கக் கூடாதுன்னு பாலிசியிலயே போட்டிருக்கு. இதைச் சாக்கா வெச்சே அவங்க கை விரிச்சிடலாம். மனசுக்குள்ள ஆயிரம் தடவை சொல்லிக்குங்க. வாயால மட்டும் சொல்லாதீங்க.”

கம்பெனி இழுத்தடித்தது, கடிதத்துக்குமேல் கடிதம் கேட்டது. கடைசியில் கூரையைப் பூசுவதற்கான பணம் குறைவில்லாமல் வந்து சேர்ந்தது. கண்ணாடியக்கா அந்த இழுபறியை மறந்தாள். லிஃப்ட்காரர் மறக்கவில்லை. தம் தொழிலின் எழுதாத சட்டம் இங்கே எழுத்திலேயே இருக்கிறது என்பது அவருக்கு வியப்பாகவும், ஒரு வகையில் நிறைவாகவும் இருந்தது.

ஊருக்கு வைத்தியம் பார்ப்பவர் வீட்டில்தான் நோய் தங்கும் என்பார்கள். படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு படியின் விளிம்பு பெயர்ந்திருந்தது. அதற்கு நேர்மேலே இருந்த பல்பும் எரியாமல் போயிற்று. கண்ணாடியக்கா வேலைக்குப் போகும்போது சொன்னாள்.

“அண்ணா, அந்தத் திருப்பத்துல ராத்திரி கண்ணு தெரியலை. படியும் உடைஞ்சிருக்கு.”

“மழை விடட்டும் தங்கச்சி. ஈரத்துல சிமெண்டு பிடிக்காது.”

அவர் சொன்னது பொய்யன்று. சிமெண்டுப் பொட்டலத்தை வாங்கிப் படிக்கட்டின் அடியில் வைத்திருந்தார். புது பல்பையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். ஆனால் பல்பு மாட்டுவதற்கு வெயில் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ஒத்திப்போட்டார். ஊரார் லிஃப்டுக்கு எண்ணெய் இடும் நாளை ஒரு முறையும் தள்ளிப்போடாதவர், தம் வீட்டுப் படியை அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனார்.

ஒரு நாள் மாலை மங்கும் நேரம், தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் கால் ஆட்டம் கண்டிருந்ததால், அதைக் கண்ணாடியக்கா காலையில் கடைக்கு எடுத்துச் சென்று சரிசெய்து கொண்டுவந்திருந்தாள். மேலே போய்க் கைகால் கழுவிவிட்டு, அதைக் கொடுப்பதற்காகவே மறுபடி இறங்கினாள். கீழே பழைய மாற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், முதலில் ஒரு சறுக்கல் ஓசையையும், பிறகு “அண்ணா!” என்ற குரலையும் கேட்டார்.

அவள் படிக்கட்டின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலக்கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இடுப்பை அசைக்க முடியவில்லை. அவர் அவள் தலையைத் தம் மடியில் தாங்கினார்; பக்கத்து வீட்டாரை அழைத்து ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். ‘என் தப்பு, தங்கச்சி’ என்ற சொற்கள் அவருடைய நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. அதற்குள் தெருவினர் கூடிவிட்டார்கள். “எங்க சறுக்குச்சு? எந்தப் படி?” என்று ஒருவர் மேலே ஏறப் போனார்.

அந்தக் கணத்தில், ஆண்டுக்கணக்காக அவருக்குள் ஊறிப்போயிருந்த தொழில் விழித்துக்கொண்டது.

“யாரும் அந்தப் படியைத் தொடாதீங்க!” என்று அவர் உரக்கக் கூவினார்.

அவர் மடியில் கிடந்தவள் கண்களை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

ஆம்புலன்சு போன பிறகு, படியோரம் கிடந்த கண்ணாடியை அவர் கண்டெடுத்தார். வில்லைகள் உடையவில்லை. சரிசெய்யப்பட்ட கால் மட்டும் மறுபடி ஆடிற்று.

மறுநாள் காலையில் அவர் முதல் வேலையாக ஏஜெண்டுக்குப் போன் செய்தார். தமக்காக அன்று, அவளுக்காகவே செய்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, மணிக்கட்டிலும் தகடு வைக்க வேண்டும் என்றார்கள். கடைச் சம்பளத்தில் அந்தச் செலவு தாங்காது. அவளுடைய பாலிசி அவளுக்கு உதவாது. அது அடுத்தவர்களுக்கு உரியது. அவள் பிழைக்க வேண்டுமானால் இவருடைய பாலிசிதான் வழி.

“சார், பயப்படாதீங்க. உங்க பாலிசியில பொறுப்புப் பகுதி இருக்கு” என்றார் ஏஜெண்ட். “ஆனா பழைய கதை ஞாபகம் இருக்கில்ல? எதையும் ஒத்துக்காதீங்க. எதுவும் பேசாதீங்க. சேதத்தைப் பார்க்கக் கம்பெனி சர்வேயர் வர்ற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

“புரியுது” என்றார் லிஃப்ட்காரர். தம் தொழிலில் அதன் பொருள் என்னவோ அதையே அவர் புரிந்துகொண்டார்.

படிக்கட்டின் அடியிலும் உச்சியிலும் கயிறு கட்டினார். ஓர் அட்டையில் ‘தொடாதே’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார். புது பல்பு இழுப்பறையிலேயே கிடந்தது. அதை மாட்டினால் சாட்சியத்தை மாற்றியதாகும் அல்லவா?

மருத்துவமனைக்குப் புறப்பட்டார், வாயிற்கதவுவரை போனார். உள்ளே போனால் அவளுடைய முகத்தைப் பார்க்க நேரும்; பார்த்தால் வாய் சும்மா இராது; வாய் திறந்தால் அவளுக்கு வர வேண்டிய பணம் போய்விடும். எதிரே இருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பை நிறையப் பழம் வாங்கினார். பழம் அனுப்புவது தவற்றை ஒப்புக்கொண்டதாகுமோ என்று ஐயம் எழுந்தது. பழத்தை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். அது கூடத்து மேசையில் கனிந்து, கறுத்து, அழுகிற்று.

மகள் ஊரிலிருந்து வந்து சேர்ந்ததும் அவருக்குப் போன் செய்தாள்.

“மாமா, அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எப்ப வர்றீங்க?”

“கம்பெனியில இருந்து வருவாங்கம்மா” என்றார்.

“கம்பெனியா? நான் உங்களை இல்ல கேட்டேன்?”

“எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

தாயின் துணிமணிகளை எடுத்துச் செல்ல மகள் வீட்டுக்கு வந்தாள். கயிற்றையும் அட்டையையும் பார்த்தாள். கயிற்றைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உடைந்த படி உடைந்தபடியே கிடந்தது. விளக்கும் இல்லை. இறங்கி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“உங்க வீட்டம்மா சாகறப்ப யார் மாமா பக்கத்துல இருந்தா?”

“உங்கம்மாதான்.”

“எங்கம்மா அங்க கிடக்கறாங்க. உங்களுக்கு இங்க படிக்குக் கயிறு கட்டத்தான் நேரம் இருந்துச்சா? ஒரு பல்பு போடக்கூடக் கை வரலையா?”

அவர் கூலிக்கு நின்ற காவற்காரனைப் போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பெட்டியோடு வெளியேறினாள். சில வாரங்களில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதன் அடியில், இடக்கையால் போட்டது போன்ற கோணல்மாணலான கையெழுத்து ஒன்று இருந்தது. அது யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும்போது மழைக்காலம் முடிந்துவிட்டது. வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். கயிற்றையும் அட்டையையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். படியைப் படமெடுத்தார், அளந்தார். பிறகு கூடத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். கம்பெனி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதும் பாலிசியில் இருந்தது. லிஃப்ட்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதையும், தாம் தள்ளிப்போட்டதையும், இழுப்பறையில் கிடக்கும் பல்பையும் சொன்னார். இழுப்பறையைத் திறந்து காட்டவும் காட்டினார்.

“இவ்வளவு நாளா ஏன் சார் படியைப் பூசலை?”

“நீங்க வந்து பார்க்கணும்ல? சாட்சியம் ஆச்சே.”

“நாலு போட்டோ எடுத்து வெச்சுட்டு, மறுநாளே பூசியிருக்கலாமே. இன்னொருத்தர் விழுந்திருந்தா?” என்றவர், எழுதுவதை நிறுத்தினார். “சரி, அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க? போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லம்மா.”

“ஒரு தடவைகூடவா?”

“பேசக் கூடாதுன்னு சொன்னாங்க.”

சர்வேயர் பேனாவை மூடி வைத்தார்.

“சார், தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுக்காதீங்க, இவ்வளவு பணம் தர்றேன்னு வாக்குக் கொடுக்காதீங்க. அதோட சரி. வலிக்குதா, சாப்பிட்டியான்னு கேட்கக் கூடாதுன்னு எந்தப் பாலிசியிலயும் போடலை. பக்கத்துல போய் உட்காரக் கூடாதுன்னும் போடலை.”

லிஃப்ட்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“நிஜமாவா?” என்று கேட்டார், பாடம் விளங்காத மாணவனைப் போல.

“நிஜமாத்தான்.”

அன்று பிற்பகலே அவர் படியைப் பூசினார், பல்பை மாட்டினார். நல்ல சட்டை அணிந்து மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடியக்காவை முன்பே மகள் தன் ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஒரு வண்டி வந்தது. மேல் வீட்டுக் கட்டிலும் அலமாரியும் சலவை இயந்திரமும் புதுப் பூச்சுப் பூசிய படியில் ஒவ்வொன்றாக இறங்கின. “பார்த்து, பார்த்து, திருப்பம் வருது” என்று சுமப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒன்றும் சறுக்கவில்லை.

விவகாரம் வக்கீல்களுக்குள் நடந்து, ஒருவாறு முடிந்தது. கம்பெனி பணம் கொடுத்தது. இனிக் கோருவதற்கு ஒன்றுமில்லை என்று அவள் கையெழுத்திட்டாள். இனிப் பேசினால் குற்றமில்லை என்பதை ஏஜெண்டிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு, லிஃப்ட்காரர் ரயில் ஏறினார்.

மகளின் வீடு ஓர் உயர்ந்த குடியிருப்பில் இருந்தது. கதவைத் திறந்த மகள் அவரைக் கண்டு திகைத்தாள். உள்ளே விடுவதா வேண்டாமா என்ற தடுமாற்றம் அவள் முகத்தில் தெரிந்தது. 

“யாரு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கீழ் வீட்டு மாமா” என்றாள் மகள். வழி விட்டாள்.

கண்ணாடியக்கா சன்னலோர நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் பிடித்து நடப்பதற்கான நாற்கால் ஊன்றுசட்டம். முடி நரைத்திருந்தது. அவளுடைய வலக்கை, தனக்குச் சொந்தமில்லாத பொருள்போல மடியில் கிடந்தது.

அவர் உட்காரவில்லை. ரயிலில் வழிநெடுக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அனைத்தும் மறந்துபோயின.

“தப்பு என்னுது தங்கச்சி. பல்பு வாங்கி வெச்சிருந்தேன். மாட்டலை.”

அவள் தலையசைத்தாள். “பணம் வந்துடுச்சு அண்ணா. ஆஸ்பத்திரிக் கடனெல்லாம் தீர்ந்துச்சு.”

“அதுக்காகத்தான் பேசாம இருந்தேன். ஒத்துக்கிட்டா கொடுக்க மாட்டாங்கன்னு…”

“நான் ஒத்துக்கிட்டேனே?”

அவர் புரியாமல் விழித்தார்.

“தண்ணி கொட்டினப்ப ஓடி வந்து சொன்னேனே? சொல்லியும் உங்க கூரைக்குக் கொடுத்தாங்களே அண்ணா. கொஞ்சம் இழுத்தாங்க. அவ்வளவுதானே?”

அவர் நினைவில் வைத்திருந்தது இழுபறியை. அவள் நினைவில் வைத்திருந்தது முடிவை.

“வலியைப் பொறுத்துக்கிட்டேன். கீழ கிடக்கறப்ப நீங்க படியைத் தொடாதீங்கன்னு கத்தினீங்களே, அதுதான் இன்னும் காதுல கேட்குது” என்றாள் அவள். குரலில் சினம் இல்லை. “கேஸ் போட எனக்கு இஷ்டமே இல்ல. இவதான் போடணும்னு சொன்னா. கையெழுத்து ஏன் போட்டேன் தெரியுமா? நோட்டீஸைப் பார்த்தா கோபத்துலயாவது நீங்க வருவீங்கன்னு நினைச்சேன். என்னடி இப்படிப் பண்ணிட்டியேன்னு கேட்க வருவீங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. நெடுநேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது.

லிஃப்ட்காரர் தலையைத் தாழ்த்தினார். ஆடிக்கொண்டிருந்த கண்ணாடி மூக்கில் சரிந்தது. அதை அவள் பார்த்தாள்.

“அதே கண்ணாடியா? இன்னும் சரி பண்ணலையா?”

“வேற யார்கிட்டயும் கொடுக்கத் தோணலை.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். 

“குனியுங்க.”

அவர் குனிந்தார். அவள் இடக்கையால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். சன்னல் விளிம்பிலிருந்த கைப்பையைத் துழாவி, அந்த ஊசித் திருப்புளியை எடுத்து வலக்கை விரல்களுக்கிடையே வைத்தாள். விரல்கள் மூடின, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. மறுபடி முயன்றாள். திருப்புளி சரிந்து திருகைத் தட்டியது. திருகு கழன்று தரையில் எங்கோ உருண்டது. அவர் மண்டியிட்டு, கண் சரியாகத் தெரியாமல், நாற்காலிக்கு அடியில் விரல்களால் தடவித் தேடினார். கடைசியில் அது ஊன்றுசட்டத்தின் காலடியில் அகப்பட்டது.

அவர் அதை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“முடியலை அண்ணா. ஏதாவது கடையில கொடுத்து மாட்டிக்குங்க.”

“சரிம்மா.”

“நல்ல கடையாப் பார்த்துக் கொடுங்க. இது சின்னத் திருகு. அவசரப்பட்டா மரை போயிடும்.”

“சரி.”

காபி குடித்துவிட்டுப் போகும்படி மகள் சொன்னாள். அவர் குடித்தார். பழகிய கண்ணாடியில்லாமல் கோப்பையின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. விடைபெறும்போது, மீண்டும் வரும்படி அவளும் சொல்லவில்லை. வருவதாக இவரும் சொல்லவில்லை.

வெளியே லிஃப்டுக்காகக் காத்திருந்தார். ஒரு கால் கழன்ற கண்ணாடியை மூக்கில் ஒருவாறு நிறுத்திக்கொண்டார். திருகு சட்டைப்பையில் இருந்தது. பெட்டி வந்து நின்று கதவு திறந்தது. தரையும் பெட்டியும் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்க, பழக்கத்தால் அவர் குனிந்தார். கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுத்து, இம்முறை மாட்டிக்கொள்ளாமல், கையில் பிடித்தபடியே உள்ளே ஏறினார்.